அடைக்கலம் வந்த ஆந்தைக்கு என்ன உணவு?

வைக்கோல் போரைப் பிரிக்கும்போதோ, பாழடைந்த கிணற்றுச் சுவரை இடிக்கும்போதோ, காற்றில் பனைமரம் சாய்ந்த மறுநாள் காலையிலோ ஓர் ஆந்தைக் குஞ்சு கையில் கிடைப்பது கிராமத்தில் புதிதல்ல. சில நேரம் மின்கம்பியிலோ மீன்வலையிலோ அடிபட்ட பெரிய பறவையாக இருக்கும். சில நேரம் காக்கைகள் துரத்தி வந்து வீட்டுத் திண்ணையில் விழுந்த வல்லூறாக இருக்கும். அட்டைப்பெட்டியில் எடுத்து வைத்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "இதுக்கு என்ன கொடுக்கிறது?" என்பதுதான்.

பாட்டி பால் என்பார். பிள்ளைகள் தயிர்ச்சோறு என்பார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர் கறிக்கடைக்குப் போய் எலும்பில்லாத பிராய்லர் நெஞ்சுக்கறி வாங்கி வருவார். மூன்று பேருமே அன்பால்தான் செய்கிறார்கள். ஆனால் முதல் இரண்டும் ஓரிரு நாளில் பறவையின் உயிருக்கு உலை வைக்கலாம். மூன்றாவது, சரியானதுபோலத் தெரிந்தாலும், தொடர்ந்து கொடுத்தால் சில வாரங்களில் பறவையை முடமாக்கிவிடும். மீட்டு எடுத்த பறவை உணவால் கெட்டுப்போகக் கூடாது என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

சம்பளம் கேட்காத எலி பிடிப்பவர்

ஆந்தையைக் கண்டால் அபசகுனம் என்று கல்லெடுப்பவர்கள் இன்றும் உண்டு. சாக்குருவி என்று பெயர் வைத்து விரட்டுவோரும் உண்டு. வயலுக்கு வந்து பார்த்தால் கதை வேறு. நெல், நிலக்கடலை, கரும்பு, தென்னை என எதை வைத்தாலும் எலிக்கு ஒரு பங்கு போகிறது. அந்த எலியை இரவு முழுவதும் தேடிப் பிடிப்பது கூகை. சுண்டெலி, வயல் எலி, மூஞ்சூறு ஆகியவைதான் அதன் முக்கிய இரை. வீட்டோரம், தோப்போரம் காணப்படும் சிறிய புள்ளி ஆந்தை எலியோடு வண்டு, வெட்டுக்கிளி, சில்வண்டு, அந்துப்பூச்சி ஆகியவற்றையும் பிடித்துத் தின்னும். பகலில் வல்லூறு ஓணான், எலி, சிறு பறவைகள், வெட்டுக்கிளிகளை வேட்டையாடும்.

இதனால்தான் நெல் வயலில் தென்னை மட்டையைத் தலைகீழாக நட்டு ஆந்தைக்கு இருக்கை அமைக்கச் சொல்கிறோம். மலேசியாவில் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் கூகைக்கென்றே மரப்பெட்டிகள் வைத்து எலியைக் கட்டுப்படுத்துகிறார்கள். உங்கள் கையில் கிடைத்த குஞ்சு ஒன்று பிழைத்து வயலுக்குத் திரும்பினால், அது உங்களுக்கும் உங்கள் பக்கத்து வயல்காரருக்கும் லாபம்.

முதலில் சட்டம்

ஆந்தை, வல்லூறு, பருந்து எதையும் வீட்டில் வளர்க்கக் கூடாது. காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம் 1972இன்படி இவை பாதுகாக்கப்பட்ட பறவைகள். பிடிப்பது, கூண்டில் வைப்பது, விற்பது எல்லாமே குற்றம். "நான் காப்பாற்றத்தானே வைத்திருந்தேன்" என்பது பதிலாகாது. காட்டுயிர் கையில் கிடைத்தால் 48 மணி நேரத்துக்குள் வனத்துறை அலுவலரிடமோ அருகிலுள்ள காவல் நிலையத்திலோ தெரிவிக்க வேண்டும்.

ஆகவே, பெட்டியில் வைத்த கையோடு வனச்சரக அலுவலகத்துக்குத் தொலைபேசியில் தகவல் சொல்லுங்கள். காயம் இருந்தால் அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் முதலுதவி கேட்கலாம். சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய இடங்களில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. நீண்ட நாள் பராமரிப்பு வனத்துறையும் அதன் அனுமதி பெற்ற மையங்களும் செய்ய வேண்டிய வேலை. ஒப்படைக்கும் வரையிலான ஒன்றிரண்டு நாள்தான் உங்கள் பொறுப்பு. அந்த நாள்களில் என்ன செய்வது, மையத்தில் அந்தப் பறவைக்கு என்ன தேவைப்படும் என்பதைத் தெரிந்துகொண்டால் பறவையும் பிழைக்கும், உங்களுக்கும் சிக்கல் வராது.

குஞ்சு என்றால் கூடுதான் முதல் மருந்து

கீழே கிடக்கும் எல்லாக் குஞ்சும் அனாதை இல்லை. ஆந்தைக் குஞ்சுகள் பறக்கக் கற்பதற்கு முன்பே பொந்தைவிட்டு வெளியே வந்து கிளையில் தத்தித் திரியும். தவறி விழுந்தாலும் தாய் தந்தை பக்கத்தில்தான் இருக்கும். காயம் இல்லை, இறகு நன்றாக இருக்கிறது, கண் தெளிவாக இருக்கிறது என்றால் அதே பொந்திலோ கிளையிலோ திரும்ப வைத்துவிடுங்கள். "மனித வாடை பட்டால் தாய் சேர்க்காது" என்பது தவறான நம்பிக்கை. தயங்க வேண்டாம்.

மரம் சாய்ந்துவிட்டதா? பக்கத்து மரத்தில், நாய் பூனை எட்டாத உயரத்தில், ஒரு மூங்கில் கூடையிலோ மரப்பெட்டியிலோ காய்ந்த வைக்கோல் போட்டு, குஞ்சை வைத்துக் கட்டிவிடுங்கள். மழைத் தண்ணீர் வடிய அடியில் துளை இருக்கட்டும். அந்தி சாய்ந்ததும் தூரத்தில் நின்று கவனியுங்கள். குஞ்சு கத்தும். பெற்றோர் இருந்தால் இரையோடு வரும். எந்த உணவும் தாய் தரும் உணவுக்கு ஈடாகாது. விடியும் வரை எதுவும் வரவில்லை என்றால் மட்டுமே குஞ்சை எடுங்கள்.

முதல் நாள்: இருட்டு, கதகதப்பு, அமைதி

அடிபட்ட பறவையைத் தூக்கும்போது கவனிக்க வேண்டியது அலகைவிடக் காலைத்தான். நகம் பதிந்தால் விடாது. கனமான துண்டையோ சாக்கையோ மேலே போர்த்தி, இரண்டு இறக்கையும் உடம்போடு சேருமாறு பிடித்து, காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டிக்குள் வையுங்கள். கம்பிக் கூண்டு வேண்டாம், இறகு முறியும். அடியில் பழைய பருத்தித் துணி போதும். இருட்டான, சத்தமில்லாத அறையில் வையுங்கள். உடம்பு சில்லென்று இருந்தால் வெந்நீர் ஊற்றிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் பறவை மறுபக்கம் நகர்ந்துகொள்ள இடம் வேண்டும்.

வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றவே கூடாது. பறவைக்கு மூச்சுக்குழலின் வாய் நாக்கின் அடியிலேயே இருக்கிறது. ஊற்றிய தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போய்விடும். தாகத்தில் இருப்பதாக நினைத்து ஊற்றிய அரைச் சங்குத் தண்ணீரே எமனாகிவிடும். ஆழமில்லாத கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் போதும். இரை தின்னும் பறவைகளுக்குத் தேவையான நீரில் பெரும்பகுதி இரையின் உடம்பிலிருந்தே கிடைத்துவிடும்.

நாட்டுக்கோழி வாங்கும்போது நெஞ்சைத் தடவிப் பார்ப்பீர்கள் அல்லவா? அதேபோல இதையும் பாருங்கள். நெஞ்செலும்பின் இரு பக்கமும் சதை திரண்டிருந்தால் பறவை நல்ல நிலையில் இருக்கிறது. எலும்பு கத்திபோல நீட்டிக்கொண்டிருந்தால் பல நாள் பட்டினி என்று பொருள். இப்படி மெலிந்த பறவைக்கு உடனே கறி கொடுப்பது ஆபத்து. செரிக்கும் வலு அதன் குடலில் இருக்காது. முதலில் மருத்துவர் நீர்ச்சத்து ஏற்றி, பிறகு நீர்த்த உணவு கொடுத்து, அதற்கு அடுத்துதான் திட உணவுக்கு வருவார். அடிபட்ட பறவையைச் சில மணி நேரத்தில் ஒப்படைக்க முடியும் என்றால் எதுவும் கொடுக்காமல் இருப்பதே நல்லது.

வெறும் கறி ஏன் போதாது?

கோழிப் பண்ணை வைத்திருப்பவருக்கு இதைப் புரியவைப்பது சுலபம். முட்டைக் கோழித் தீவனத்தில் கிளிஞ்சல் குறைந்தால் என்ன ஆகும்? தோல் முட்டை வரும். அதற்கு மேலும் குறைந்தால் கோழி தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்புச் சத்தை எடுத்து முட்டைக்குக் கொடுத்துவிட்டு, நிற்க முடியாமல் உட்கார்ந்துவிடும். கன்று ஈன்ற கறவை மாட்டுக்கு ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து திடீரென்று குறைந்தால் பால் காய்ச்சல் வந்து படுத்துவிடுவதையும் பார்த்திருப்பீர்கள்.

இரை தின்னும் பறவைக்கும் இதே கணக்குதான். அதன் உணவில் ஒரு பங்கு பாஸ்பரசுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு கால்சியம் இருக்க வேண்டும். வெறும் சதைக்கறியில் இது தலைகீழ். ஒரு பங்கு கால்சியத்துக்குச் சுமார் 20 பங்கு பாஸ்பரஸ் இருக்கிறது. கறி மட்டுமே தின்னும் பறவையின் ரத்தத்தில் கால்சியம் குறையும். அதைச் சரிக்கட்ட உடம்பு எலும்பைக் கரைக்கத் தொடங்கும். வளரும் குஞ்சாக இருந்தால் இரண்டு மூன்று வாரத்திலேயே கால் வளையும், இறக்கை எலும்பு ரப்பர்போல மடங்கும், மேலிருந்து குதித்தாலே முறியும். வளைந்த எலும்பு பெரும்பாலும் நேராவதில்லை. அந்தப் பறவையால் பிறகு எலியைத் துரத்த முடியாது, காட்டுக்கும் போக முடியாது.

கேட்டால், "தினமும் நெஞ்சுக்கறிதான் கொடுத்தேன், நன்றாகத் தின்றது, எடையும் ஏறியது" என்பார்கள். அதுதான் இந்தக் குறைபாட்டின் ஏமாற்று வேலை. வயிறு நிறையும், சதை வளரும். எலும்பு உள்ளுக்குள் கரைவது வெளியே தெரியாது. தெரியும்போது காலம் கடந்துவிட்டிருக்கும்.

கல்லீரல் மட்டும் கொடுப்பதும் தீர்வல்ல. அதில் வைட்டமின் ஏ நிறைய இருந்தாலும் கால்சியம் மிகக் குறைவு. வைட்டமின் ஏ அளவு மீறினால் அதுவும் கெடுதல்.

சமச்சீர் உணவு என்பது முழு இரை

ஆந்தை எலியைப் பிடித்தால் கறியை மட்டும் பிரித்துத் தின்பதில்லை. சிறிய எலியை முழுதாகவே விழுங்கும். சதையிலிருந்து புரதமும், எலும்பிலிருந்து கால்சியமும், கல்லீரலிலிருந்து வைட்டமின்களும், குடலிலிருந்து வேறு சில சத்துகளும் கிடைக்கின்றன. ரோமமும் எலும்புத் துண்டும் செரிக்காமல் வயிற்றில் உருண்டையாகத் திரண்டு வாய் வழியாக வெளியே வரும். பனைமரத்தடியில், பாழடைந்த மண்டபத்தில் சாம்பல் நிறத்தில் கிடக்கும் அந்த உருண்டைகளைப் பார்த்திருப்பீர்கள். பலர் அதை எச்சம் என்று நினைக்கிறார்கள். அது எச்சமல்ல, உமிழ் உருண்டை. உடைத்துப் பார்த்தால் எலி மண்டையோடும் பல்லும் இருக்கும். இந்த உருண்டை ஒழுங்காக வெளியே வருவது பறவையின் உடல்நலத்துக்கு அறிகுறி.

ஆகவே, கூண்டில் இருக்கும் பறவைக்கும் தோல், எலும்பு, உள்ளுறுப்பு, ரோமம் அல்லது இறகு எல்லாம் சேர்ந்த முழு இரைதான் கொடுக்க வேண்டும். மீட்பு மையங்களில் பயன்படும் உணவுகள் மூன்று.

முதலாவது, ஒரு நாள் வயதுச் சேவல் குஞ்சு. முட்டைக் கோழிக் குஞ்சு பொரிப்பகங்களில் சேவல் குஞ்சுகளைக் கழித்துவிடுவார்கள். ஒரு குஞ்சின் எடை 35 முதல் 40 கிராம் இருக்கும். சிறிய பறவைக்கு அளவாக அமையும் உணவு இது. ஆனால் இதன் வயிற்றில் மஞ்சள் கரு மிச்சம் இருக்கும். அதில் கொழுப்பு அதிகம். அசையாமல் கூண்டில் இருக்கும் பறவைக்கு இதையே தினமும் கொடுத்தால் கொழுத்துவிடும். சில நாள்களில் மஞ்சள் கருவை எடுத்துவிட்டுக் கொடுக்கலாம். மேலும் ஒரு நாள் குஞ்சின் எலும்பு இன்னும் முற்றாதது. வளரும் ஆந்தைக்கு இது மட்டும் போதாது.

இரண்டாவது, காடை. முற்றிய எலும்பும் நல்ல சதையும் இருப்பதால் சத்து நிறைவானது. சிறிய பறவைக்கு ஒரு காடை அதிகம் என்பதால் எலும்போடு வெட்டிப் பங்கிட்டுக் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, உணவுக்கென்றே வளர்க்கப்பட்ட சுண்டெலி. ஆந்தையின் இயற்கை உணவுக்கு மிக நெருக்கமானது இதுதான். மருந்து படாதது என்ற உறுதியும் உண்டு.

இந்த மூன்றையும் மாற்றி மாற்றிக் கொடுப்பதே சமச்சீர் உணவு. புள்ளி ஆந்தைக்கு இடையிடையே வெட்டுக்கிளி, வண்டு கொடுக்கலாம். ஆனால் பூச்சியிலும் கால்சியம் குறைவுதான். அதையே முழு உணவாக்கக் கூடாது. பூச்சிமருந்து அடித்த வயலில் பிடித்ததாகவும் இருக்கக் கூடாது.

கண் திறக்காத குஞ்சுக்கு ரோமமும் பெரிய எலும்பும் ஆகாது. மிகப் பொடியாக நறுக்கி, கால்சியம் அளந்து சேர்த்துக் கொடுக்க வேண்டும். அதை வீட்டில் முயல வேண்டாம்.

இன்றிரவு ஒன்றுமே இல்லையென்றால்?

வனத்துறை வாகனம் நாளைதான் வரும், குஞ்சு பசியில் கத்துகிறது, சேவல் குஞ்சும் காடையும் கிடைக்கவில்லை. என்ன செய்வது? உப்பு, மஞ்சள் படாத பச்சைக் கோழிக் கழுத்தை வாங்கி, எலும்போடு சேர்த்துக் கூரான கத்தியால் பொடியாகக் கொத்துங்கள். நீட்டிக்கொண்டிருக்கும் எலும்புச் சில்லை எடுத்துவிடுங்கள். சுண்டுவிரல் நுனி அளவுள்ள துண்டைக் கழுவிய நீரின் ஈரத்தோடு இடுக்கியால் பிடித்து அலகின் ஓரத்தில் தொடுங்கள். பசியுள்ள குஞ்சு தானாக வாங்கிக்கொள்ளும். வாங்கவில்லை என்றால் திணிக்க வேண்டாம். அறை வெப்பத்தில் இருக்கட்டும், குளிர்ந்த கறி கொடுக்க வேண்டாம். ஓரிரு வேளை வெறும் கறி தின்றதால் எலும்பு வளைந்துவிடாது. அதையே வழக்கமாக்குவதுதான் தவறு.

எவ்வளவு கொடுப்பது?

பறவை சிறியதாக இருந்தால் அதன் எடைக்கு உணவு விகிதம் அதிகம். பெரியதாக இருந்தால் குறைவு. 100 முதல் 200 கிராம் எடையுள்ள பறவை ஒரு நாளைக்குத் தன் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை தின்னும். புள்ளி ஆந்தையின் எடை சுமார் 110 கிராம். அப்படியானால் 22 முதல் 28 கிராம் உணவு வேண்டும். ஒரு சேவல் குஞ்சில் முக்கால் பங்கு போதும். கூகை 300 கிராமுக்கு மேல் இருக்கும். அதற்கு ஒன்றரை முதல் இரண்டு குஞ்சு தேவைப்படும். வல்லூற்றில் ஆணைவிடப் பெண் பெரியது. எடை பார்த்துத்தான் கணக்கிட வேண்டும்.

வளர்ந்த பறவைக்கு ஒரு நாளைக்கு ஒரு வேளை போதும். ஆந்தைக்கு அந்தி நேரத்திலும், வல்லூற்றுக்குப் பகலிலும் கொடுக்க வேண்டும். வளரும் குஞ்சு இதைவிடக் கூடுதலாகத் தின்னும். மூன்று நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். வல்லூற்றுக்குக் கோழியைப்போலத் தீனிப்பை உண்டு. அது நிறைந்திருப்பது கழுத்தடியில் தெரியும், நிறுத்திவிடலாம். ஆந்தைக்குத் தீனிப்பை கிடையாது. உணவு நேராக வயிற்றுக்கே போகிறது. ஆகவே ஒரே மூச்சில் அதிகம் கொடுக்கக் கூடாது. முந்தைய உமிழ் உருண்டை வெளியே வரும் முன் அடுத்த இரையைக் கொடுக்காமல் இருப்பது நல்லது.

ஃப்ரீசரில் வைத்த இரையைக் கீழ்த்தட்டில் வைத்து முழுவதும் பனி விலகிய பிறகே கொடுக்க வேண்டும். வெந்நீரில் போட்டு அவசரப்படுத்தக் கூடாது. பனி விலகியதை மீண்டும் உறையவைக்கக் கூடாது. நாள் ஆக ஆக வைட்டமின் குறையும் என்பதால் மூன்று மாதத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். தின்னாமல் விட்ட மிச்சத்தைச் சில மணி நேரத்தில் அப்புறப்படுத்த வேண்டும்.

இவை வேண்டவே வேண்டாம்

பால், தயிர் வேண்டாம். பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் சக்தி பறவைக்கு இல்லை, கழிச்சல் வரும். சோறு, ரொட்டி, பழம் ஆகியவற்றால் இரை தின்னும் பறவைக்குப் பயனில்லை. மசாலா, உப்பு போட்ட கறி, வேகவைத்த எலும்பு, கருவாடு, நாய்த்தீவனம் எதுவும் ஆகாது. வேகவைத்த எலும்பு ஊசிபோலச் சிதறிக் குடலைக் கிழிக்கும்.

பச்சைப் புறாக்கறியும் கூடாது. புறாவின் தொண்டையில் இருக்கும் ஒருவகை ஒட்டுண்ணி இரை தின்னும் பறவையின் வாயில் மஞ்சள் கட்டிகளை உண்டாக்கி, விழுங்க முடியாமல் செய்து கொன்றுவிடும். நோயால் செத்த கோழியும், தானாகச் செத்த குஞ்சும் ஆகாது. உங்கள் பகுதியில் கோழிகள் கூட்டமாக இறந்துகொண்டிருந்தால் அங்கிருந்து எந்த இரையும் எடுக்கக் கூடாது. விழுந்து கிடக்கும் பறவையையும் வெறுங்கையால் தொடாமல் கால்நடை பராமரிப்புத் துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.

வயல் எலியைக் கொடுக்கலாமா?

"எலி தின்னும் பறவைக்கு எலிதானே கொடுக்க வேண்டும்? கிட்டி வைத்தால் நாலு எலி விழும்" என்று தோன்றும். இங்கேதான் பெரிய ஆபத்து இருக்கிறது.

எலிக்கு வைக்கும் புரோமோடயலோன் வகை மருந்து ரத்தம் உறைவதைத் தடுக்கும். அதைத் தின்ற எலி அன்றே சாகாது, சில நாள் ஆகும். அதுவரை தள்ளாடிக்கொண்டு வெளியே திரியும். கிட்டியிலும் எளிதாக விழும், ஆந்தையின் காலிலும் எளிதாகச் சிக்கும். உங்கள் வயலில் மருந்து வைக்காவிட்டாலும் பக்கத்து வயலில் வைத்திருக்கலாம். எலிக்கு வரப்பு கிடையாது. அந்த எலியைத் தின்ற பறவைக்கும் உள்ளுக்குள் ரத்தம் கசியும். துத்தநாக பாஸ்பைடு மருந்தில் செத்த எலியும் ஆபத்தே. ஆகவே வயல் எலியை, எப்படிப் பிடித்ததானாலும், மீட்ட பறவைக்குக் கொடுக்க வேண்டாம். எலியைத் தொடுவதால் உங்களுக்கு எலிக்காய்ச்சல் வரும் வாய்ப்பும் உண்டு.

வெளிக்காயம் எதுவும் இல்லை, ஆனால் பறவை சோர்ந்து கிடக்கிறது, வாய்க்குள் வெளிறிப்போயிருக்கிறது, வாயிலோ எச்சத்திலோ ரத்தம் தெரிகிறது என்றால், அது மருந்து தின்ற எலியைத் தின்றிருக்கலாம். அக்கம்பக்கத்தில் என்ன மருந்து வைத்தார்கள் என்று விசாரித்து, உறையிலுள்ள பெயரை மருத்துவரிடம் சொல்லுங்கள். ரத்த உறைவைத் தடுக்கும் மருந்துக்கு வைட்டமின் கே1 மாற்று மருந்து. நேரத்தோடு கொடுத்தால் பறவையைக் காப்பாற்ற முடியும்.

இதிலிருந்து நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது. மருந்து வைத்து எலியைக் கொல்லும்போது, எலியைத் தின்பவரையும் சேர்த்துக் கொல்கிறோம். அடுத்த பட்டத்தில் எலி மீண்டும் பெருகும், பிடிக்க ஆள் இருக்காது. வரப்பைச் சிறிதாக்குவது, வளையைத் தோண்டி அழிப்பது, கிட்டி வைப்பது, ஆந்தைக்கு இருக்கை நடுவது ஆகியவற்றை முதலில் செய்யுங்கள். மருந்து கடைசி வழியாகவே இருக்கட்டும். வைத்தால், செத்த எலிகளைத் தினமும் காலையில் பொறுக்கி ஆழமாகப் புதையுங்கள்.

எடையும் எச்சமும் சொல்லும் சேதி

மையங்களில் பறவையைப் பராமரிப்பவர்களுக்கு ஒரு சமையலறை எடைமெஷினும் ஒரு நோட்டும் இருந்தால் பாதி வைத்தியம் முடிந்தது. தினமும் ஒரே நேரத்தில், உணவுக்கு முன், எடை பார்த்து எழுதுங்கள். கொடுத்தது எத்தனை கிராம், மிச்சம் எத்தனை கிராம், உமிழ் உருண்டை வந்ததா, எச்சம் எப்படி இருந்தது என்பதையும் எழுதுங்கள். 110 கிராம் பறவை 10 கிராம் இளைத்தால் கண்ணுக்குத் தெரியாது. எடைமெஷின் காட்டிக்கொடுத்துவிடும்.

எச்சம் சுண்ணாம்புபோல வெள்ளையும் நடுவில் கரும்பழுப்புமாக இருந்தால் நல்லது. பச்சையாகப் போனால் வயிறு காலி, உணவு சேரவில்லை என்று பொருள். உமிழ் உருண்டை இரண்டு நாளாக வரவில்லை, வயிறு உப்பியிருக்கிறது என்றால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். குஞ்சு நிற்கும்போது கால் விலகிச் சரிந்தால், அதைக் கால்சியம் குறைபாட்டின் முதல் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். வளரும் குஞ்சுக்கு இளவெயில் படவும் வழி இருக்க வேண்டும். வைட்டமின் டி இல்லாவிட்டால் கொடுத்த கால்சியம் உடம்பில் சேராது.

செல்லம் கொடுப்பதும் கெடுதல்

கையால் ஊட்டி வளர்த்த குஞ்சு மனிதனையே தாய் தந்தை என்று நினைத்துவிடும். பிறகு தன் இனத்தோடு சேராது. ஆளைக் கண்டால் தோளில் வந்து உட்காரும், அந்த ஆள் கல்லெடுப்பவராக இருந்தால் கதை முடிந்தது. ஆகவே பெயர் வைத்துக் கூப்பிடுவது, தடவிக் கொடுப்பது, பிள்ளைகள் கூடிப் படம் எடுப்பது எதுவும் வேண்டாம். உணவு கொடுக்கும்போது முகத்தைத் துணியால் மறைத்து, இடுக்கியால் கொடுத்துவிட்டு, சத்தமில்லாமல் விலகிவிடுங்கள். உணவு கொடுத்த பிறகு சோப்பு போட்டுக் கை கழுவ மறக்காதீர்கள்.

பண்ணையாளர்களும் களப்பணியாளர்களும் செய்யக்கூடியது

குஞ்சு பொரிப்பகம், காடைப் பண்ணை வைத்திருப்பவர்கள் உங்கள் மாவட்ட வனத்துறையினரிடம் பேசிப் பாருங்கள். மீட்பு மையங்களில் சரியான இரை தொடர்ந்து கிடைப்பதே பெரும்பாடு. நீங்கள் கழிக்கும் சேவல் குஞ்சு, விற்பனைக்கு ஆகாத சிறிய காடை அங்கே அருமருந்து. நோயற்றது, மருந்து கொடுக்காதது என்ற உறுதியோடு கொடுத்தால் போதும்.

வேளாண் விரிவாக்கப் பணியாளர்களும் கால்நடை ஆய்வாளர்களும் தங்கள் கைப்பேசியில் வனச்சரக அலுவலரின் எண்ணைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். எலி ஒழிப்புப் பயிற்சிக்குப் போகும்போது மருந்துக் கலவை சொல்வதோடு நிறுத்தாமல், ஆந்தை கையில் கிடைத்தால் என்ன செய்வது என்பதையும் ஐந்து நிமிடம் சொல்லுங்கள்: பொந்து இருந்தால் திரும்ப வை, தண்ணீர் ஊற்றாதே, பாலும் சோறும் வேண்டாம், வெறும் கறியையே தொடராதே, அன்றே தகவல் சொல். இந்த ஐந்தும் ஒரு கிராமத்துக்குத் தெரிந்துவிட்டால் போதும்.

சரியான இரை தின்று, நேரான காலோடும் உறுதியான இறக்கையோடும் திரும்பிய கூகை ஒன்று, நீங்கள் நட்ட தென்னை மட்டையில் ஓர் இரவு வந்து உட்காரும். அன்றைக்கு அது பிடிக்கும் எலி உங்கள் நெல்லைத் தின்ன வந்த எலியாகத்தான் இருக்கும்.